கிடப்பில் போட்ட செயின்சாவை ஓடவைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2018-இல் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுக்க வாங்கிய செயின்சாவோ, அதற்கும் முந்தியதோ, மோட்டார் கொட்டகை மூலையில் கிடந்தால் பலரும் உடனே புது பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுப்பார்கள். அதுதான் முதல் தவறு.

முதலில் சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். எக்ஸாஸ்ட் துவாரம் வழியாகப் பிஸ்டன் தெரியும். அதன் மேல் நெடுக்குவாட்டில் கீறல் இருந்தால், பெரும்பாலும் ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓடி சீஸ் ஆன (பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப்போன) மெஷின். பிஸ்டன், சிலிண்டர் என்ன விலை என்று விசாரிக்காமல் அதன் கார்புரேட்டருக்குச் செலவழிப்பது வீண்.

பிஸ்டன் வழவழவென்று இருந்தால் சரி. டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். டேங்குக்குள் போகும் ஹோஸ் வெடித்திருக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்திருக்கும். டயாப்ரத்தைக் கழற்றாமல் கம்ப்ரஸர் காற்றை அடித்தால் அதுவும் கிழிந்துபோகும். கார்புரேட்டர் ரிப்பேர் கிட் வாங்கி மாற்றிவிடுவதே மேல்.

மெஷினைக் கொல்லும் பெரிய தவறு இனிமேல்தான். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்சிலேட்டரை விட்டபிறகும் வேகம் குறையாமல் தானாக ஏறுகிறது. உடனே ஸ்க்ரூடிரைவரோடு கார்புரேட்டரை நோண்டக் கூடாது. இன்டேக் ரப்பர் வெடித்தோ, கிராங்க் சீல் தேய்ந்தோ எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது. அதை அடைக்காமல் டியூன் செய்து பயனில்லை. முழு வேகத்தில் போகும் பெட்ரோல் அளவை வைக்கும் ஹெச் (H) ஸ்க்ரூவை உள்ளே முறுக்க முறுக்கச் சத்தம் கூர்மையாகும், மெஷின் ‘நல்லா பாடுது’ என்று தோன்றும். உண்மையில் பெட்ரோல் குறைகிறது, அதோடு வரும் ஆயிலும் குறைகிறது. சில நிமிடங்களில் பிஸ்டன் போய்விடும். மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுக்கும்போது சத்தம் கொஞ்சம் கரகரப்பாகவும், மரத்தில் இறங்கியதும் தெளிவாகவும் இருந்தால் அதுதான் சரியான அளவு.

ஆயிலில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. புகை வருகிறதென்று குறைப்பார்கள். பாதுகாப்புக்கென்று இரண்டு பங்கு ஊற்றுவார்கள். அதிகம் ஊற்றினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி படியும். பெட்ரோலும் ஆயிலும் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. எது என்பதை மேனுவல் சொல்லும். ஊற்ற வேண்டியது டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான டூ-டி (2T) ஆயில், பைக் இன்ஜின் ஆயில் அல்ல.

பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்க்கும்போது அதைப் பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கிளட்ச்சைக் கழற்றப் போகிறவர்களுக்கு ஒன்று: பெரும்பாலான மெஷின்களில் அது இடது மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் பலம் போட்டு உடைத்தவர்கள் நிறைய.

இத்தனையும் முடிந்து மெஷின் ஓடினாலும், ஐடிலில் செயின் சுற்றினால் மரத்தில் வைக்காதீர்கள். ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும். அப்புறம், முன்னால் இருக்கும் கைக்காப்பைத் தள்ளி செயின் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். பல வருட மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து பிரேக் பட்டை அடைத்துக் கிடக்கும். கவரைத் திறந்து சுத்தம் செய்தாலே பல மெஷின்களில் சரியாகிவிடும்.