சிகிச்சைக்கு வர மறுப்பவரை மனநல மருத்துவமனையில் சேர்ப்பது எப்படி: சட்டம் வகுத்த வழி, படிப்படியாக

வீட்டில் ஒருவர் பல நாட்களாகச் சரியாக உண்ணாமலும் உறங்காமலும், யாரோ தம்மைக் கொல்ல வருவதாக அஞ்சிக் கதவைத் தாழிட்டுக்கொண்டும் இருக்கிறார். மருத்துவரிடம் போகலாம் என்றால், தமக்கு ஒன்றுமில்லை என்று மறுக்கிறார். அவரை அவருடைய சம்மதம் இல்லாமல் மருத்துவமனையில் சேர்க்கலாமா, யார் சேர்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்ற கேள்விகளுக்கு இந்தியாவில் விடை தருவது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த இச்சட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் படிக்காத ஒருவரும் பின்தொடரும்படி இதை விளக்க, ஓர் அக்காவையும் அவருடைய தம்பியையும் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தம்பிக்கு 26 வயது, நோயுற்றிருப்பவர் அவர். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இச்சட்டத்தில் தனிப் பிரிவு இருப்பதால், இங்கே சொல்பவை பெரியவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

படி 1: கட்டாயம் தேவைதானா என்று பாருங்கள்

சட்டத்தின் தொடக்கப் புள்ளி, ஒவ்வொருவரும் தம் சிகிச்சையைத் தாமே முடிவு செய்யும் திறன் உடையவர் என்பதுதான். சொல்லப்படும் தகவலைப் புரிந்துகொள்ள முடிகிறதா, தம் முடிவினால் என்ன விளையும் என்று உணர முடிகிறதா, அந்த முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு வழியிலோ தெரிவிக்க முடிகிறதா என்பவையே அத்திறனை அளக்கும் கேள்விகள். தம்பியின் முடிவு நமக்குத் தவறாகத் தோன்றுவதனாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. 4ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. வீட்டார் விரும்பாத திருமணத்தை விரும்புவதோ, மதத்தையோ கட்சியையோ மாற்றிக்கொள்வதோ, வேலைக்குப் போக மறுப்பதோ மனநோய்க்குச் சான்று ஆகாது. ஒருகாலத்தில் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்பது மட்டும் இன்றும் நோய் இருப்பதைக் காட்டிவிடாது. சொத்துத் தகராறும் காதல் எதிர்ப்பும் நோயின் பெயரால் மருத்துவமனை வாசல் வரை வருவதைத் தடுக்க இந்த வரிகள் வேண்டியிருந்தன. நான் இச்சட்டத்தில் மிகவும் மதிக்கும் பகுதியும் இதுவே.

ஆகவே முதலில் பேச்சுதான். பொறுமையாகப் பேசி அவராகவே வரச் சம்மதித்தால், அது தன்விருப்பச் சேர்க்கை ஆகும். அப்படிச் சேர்ந்தவர் கேட்டதும் வீடு திரும்பலாம்; அவர் அடுத்த படிகளில் வரும் கட்டாயச் சேர்க்கைக்கு உரிய நிலையில் இருக்கிறாரா என்று மதிப்பிட வேண்டியிருந்தால் மட்டும், மருத்துவர் அவரை 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம். எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தவிப்பவர்கள், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைத்தால், மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

படி 2: அவருக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்று உறுதி செய்யுங்கள்

கட்டாயச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக்கூடியவர் சட்டம் 'நியமனப் பிரதிநிதி' என்று குறிக்கும் ஒருவர் மட்டுமே. தம்பி நலமாக இருந்தபோது யாரையாவது எழுத்தில் நியமித்திருந்தால், அவருக்கே முதலுரிமை. நண்பரை நியமித்திருந்தால், பெற்றோரைவிட அந்த நண்பரே முன்னே நிற்பார். யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர், உறவினர் இல்லாவிட்டால் பராமரித்து வருபவர், அவரும் இல்லாவிட்டால், இத்தகைய சேர்க்கைகளை ஆராயும் அமைப்பான மனநல மறுஆய்வு வாரியம் அமர்த்தும் தகுந்த ஒருவர், இறுதியாகச் சமூக நலத்துறை இயக்குநர் என்று வரிசை செல்கிறது. நம் எடுத்துக்காட்டில் உறவினர் என்ற முறையில் அக்கா அந்தப் பொறுப்பை ஏற்கிறார்.

படி 3: உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் அவசர சிகிச்சை

தம்பி தூக்குக்கயிறு தேடுகிறார் அல்லது கத்தியை எடுத்துவிட்டார் என்றால், விண்ணப்பம் எழுத நேரமில்லை. உயிரிழப்பையோ, தமக்கோ பிறருக்கோ நேரும் கடும் தீங்கையோ தடுக்க உடனடியாகத் தேவைப்படும்போது, பதிவு பெற்ற எந்த மருத்துவரும், அவர் மனநல மருத்துவராக இல்லாவிட்டாலும், சிகிச்சையைத் தொடங்கலாம். நியமனப் பிரதிநிதி அருகில் இருந்தால் அவருடைய சம்மதம் பெற வேண்டும். அருகிலுள்ள மனநல நிறுவனத்துக்குக் கொண்டுசெல்வதும் இதில் அடங்கும். 94ஆம் பிரிவு தரும் இந்த அதிகாரம் பொதுவாக 72 மணி நேரத்துக்கு மட்டுமே. அதற்குள் மனநல நிறுவனத்தில் மதிப்பீடு நடந்துவிட்டால் அத்துடன் முடிந்துவிடும். அவசரத்தைக் காரணம் காட்டி மின்னதிர்வுச் சிகிச்சை (மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்தும் முறை) தர அனுமதியில்லை.

படி 4: முப்பது நாள் வரையிலான சேர்க்கை

இதுவே நடுநாயகமான படி. 89ஆம் பிரிவின் கீழ் அக்கா விண்ணப்பம் தருகிறார். தம்பியை இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும்: ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் மனநல வல்லுநராகவோ (மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர் போன்றவர்) பொது மருத்துவராகவோ இருக்கலாம். பரிசோதனை சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள்ளோ நடந்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி ஒருவரைச் சேர்க்க முடியாது.

நோயின் கடுமையால் மூன்றில் ஒரு நிலையாவது இருப்பதாக அந்த இருவருமே முடிவு செய்ய வேண்டும். அண்மையில் தம் உடலுக்குத் தீங்கு செய்ய முயன்றிருக்கிறார் அல்லது செய்யப்போவதாக மிரட்டியிருக்கிறார் என்பது முதல் நிலை. பிறரிடம் வன்முறையாக நடந்திருக்கிறார் அல்லது உடலுக்குத் தீங்கு நேருமோ என்று பிறர் அஞ்சும்படி செய்திருக்கிறார் என்பது இரண்டாவது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள முடியாமல் அதனால் ஆபத்துக்கு உள்ளாகும் அளவுக்குப் போய்விட்டார் என்பது மூன்றாவது. குடும்பங்கள் பெரும்பாலும் அடிதடி நடந்தால்தான் சேர்க்க முடியும் என்று நினைத்துக் காத்திருக்கின்றன. யாரையும் அடிக்காமல், ஆனால் உண்ணாமல் மூலையில் சுருண்டு உடல் தேய்ந்துகொண்டிருப்பவருக்கும் இந்த மூன்றாவது நிலை பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இவற்றில் ஒன்று இருப்பதோடு சேர்க்கைக்கான நிபந்தனைகள் முடிந்துவிடவில்லை. தம்பி முன்பே எழுதிவைத்த அறிவுறுத்தல் ஏதும் இருந்தால் அதைக் கருத்தில் கொண்ட பிறகும், இதைவிடக் குறைவான கட்டுப்பாட்டில் சிகிச்சை தர வழியில்லை என்றும், மிக அதிகமான உதவி இல்லாமல் அவரால் முடிவெடுக்க இயலவில்லை என்றும் சான்றளிக்கப்பட வேண்டும். அதனால் அக்கா மருத்துவமனைக்குப் போகும்போது, என்ன நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, எப்போதிருந்து உணவு குறைந்தது, எந்த மருந்தை எப்போது நிறுத்தினார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச்செல்வது நல்லது. "ரொம்பத் தொந்தரவு செய்கிறான்" என்ற ஒற்றை வரியை வைத்து எந்த மருத்துவராலும் மேற்சொன்ன நிபந்தனைகளைச் சரிபார்க்க முடியாது.

இந்த வழியில் நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. ஆனால் மருத்துவமனை, சேர்க்கப்பட்டவர் பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் மூன்று நாட்களுக்குள்ளும், மற்றவர்களாக இருந்தால் ஏழு நாட்களுக்குள்ளும் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தம்பியின் முடிவெடுக்கும் திறனை ஏழு நாட்களுக்கு ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும். திறன் திரும்பியதும் அவருடைய சம்மதமே மீண்டும் தேவைப்படும். அக்காவின் கையெழுத்து அதற்கு ஈடாகாது.

படி 5: முப்பது நாளுக்கு மேல்

நோய் தணியவில்லை என்றால் 90ஆம் பிரிவு வருகிறது. இப்போது பரிசோதிக்கும் இருவருமே மனநல மருத்துவர்களாக இருக்க வேண்டும்; முன்பு சொன்ன ஆபத்து தொடர்ந்து இருந்துவந்திருக்க வேண்டும். மருத்துவமனை ஏழு நாட்களுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க, வாரியம் 21 நாட்களுக்குள் அதை அனுமதிக்க வேண்டும் அல்லது விடுவிக்க உத்தரவிட வேண்டும். முதலில் 90 நாள் வரை, அடுத்து 120 நாள், அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 180 நாள் என்று உச்சவரம்பு இருக்கிறது.

படி 6: சேர்க்கப்பட்டவர் எதிர்க்க விரும்பினால்

இந்தப் படியை நோயாளிக்குச் சொல்லாமல் விடுவதுதான் குடும்பங்கள் செய்யும் பெரிய அநீதி என்று கருதுகிறேன். 89ஆம் பிரிவின் கீழான சேர்க்கை தவறு என்று தம்பி வாரியத்திடம் மனு தரலாம். வாரியம் ஏழு நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவரோ ஓய்வு பெற்றவரோ வாரியத்துக்குத் தலைமை வகிப்பார். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், பொது மருத்துவர் ஆகியோருடன், மனநோயை அனுபவித்தவர்கள், பராமரிப்பவர்கள், தொண்டு நிறுவனத்தினர் ஆகியோரிலிருந்து இருவரும் அதில் உறுப்பினர்கள். வாரியத்தின் முடிவு சரியில்லை என்றால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். இலவசச் சட்ட உதவி நோயாளியின் உரிமை. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

காவல்துறை வரும் இடங்கள்

ஆதரவின்றித் தெருவில் அலைபவர் மனநோயாளியாகவும் தம்மைப் பார்த்துக்கொள்ள இயலாதவராகவும் தோன்றினால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே ஒருவர் கொடுமைப்படுத்தப்படுகிறார் அல்லது கவனிப்பாரற்றுக் கிடக்கிறார் என்றால், அக்கம்பக்கத்தாரும் காவல் நிலையத்தில் சொல்லலாம். அப்போது குற்றவியல் நடுவர், மதிப்பீட்டுக்காக அவரைப் பத்து நாளுக்கு மிகாமல் மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிட முடியும்.

எந்தப் படியிலும் செய்யக் கூடாதவை

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பியோட வழியில்லாமல் எரிந்து இறந்தார்கள். அந்தச் சாவுகளை அறிந்தவர்கள், இன்றைய சட்டம் எந்த வகையிலும் எவரையும் சங்கிலியிடக் கூடாது என்று சொல்வதை வெறும் விதியாகப் படிக்க மாட்டார்கள். தனிமைச் சிறையும் தடை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம். அதையும் பதிவு செய்து, 24 மணி நேரத்துக்குள் நியமனப் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். மயக்க மருந்து தராமல் மின்னதிர்வுச் சிகிச்சை செய்வதும் தடை. சேர்க்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டு, பதிவுச் சான்றிதழைப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

நலமாக இருக்கும்போது செய்துவைக்க வேண்டியது

தம்பி குணமடைந்து வீடு திரும்பியதும், அடுத்த முறை நோய் வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், யார் தம் சார்பில் பேச வேண்டும் என்பதை அவரே எழுதிவைக்கலாம். பிரதிநிதியை நியமிக்க வெள்ளைத் தாளும் கையெழுத்தோ கைரேகையோ போதும். நியமிக்கப்படுபவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். விரும்பினால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் இந்த முன்னறிவுறுத்தல் பொருந்தாது. அது தேவைப்படும் வேளையில் மருத்துவரின் கைக்குக் கிடைக்கும்படி செய்வது எழுதியவருக்கும் பிரதிநிதிக்கும் சட்டம் விதித்த கடமை. நகல் தரப்படாவிட்டால் அதைப் பின்பற்றாததற்கு மருத்துவர் பொறுப்பாக மாட்டார் என்பதால், ஒரு நகலைத் தம்பியின் சிகிச்சைக் கோப்பிலும் இன்னொன்றை அக்காவிடமும் வைத்துவிடுங்கள்.