லெப்பர்ட் கெக்கோ வளர்ப்பு: பினாங்கு வீட்டில் முட்டையிலிருந்து குஞ்சு வரை

லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியின் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா போன்ற வறண்ட நிலங்கள். நாம் இருப்பதோ துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாத பினாங்கில். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகள் எப்படிச் சூடேற்றுவது, எப்படி ஈரம் சேர்ப்பது என்றே பேசும். பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியில் எனக்குக் கெட்டுப்போன முட்டைகள் எல்லாமே ஈரம் கூடிக் கெட்டவைதான். அதனால் நம் ஊருக்கு ஏற்றபடி இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு வேலைகள் உண்டு. எந்தப் பல்லி இனமானாலும் உரிமம் தேவையா என்று பெர்ஹிலித்தானில் (மலேசிய வனவிலங்குத் துறை) கேட்டுவிடுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடப்பில் உள்ளது. அடுத்து, பிறக்கும் குஞ்சுகளை யாரிடம் கொடுப்பீர்கள் என்று இப்போதே யோசியுங்கள். ஒரு பெண் பல்லி ஒரே பருவத்தில் பத்து முட்டைக்கு மேல் இடும்.

படி 1: ஜோடி

பின்னங்கால்களுக்கு நடுவே 'வி' வடிவில் தெளிவான புள்ளி வரிசையும், வால் தொடங்கும் இடத்தில் இரண்டு புடைப்புகளும் இருந்தால் ஆண். இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் ஒருபோதும் விடாதீர்கள், கடித்துக் குதறிக்கொள்ளும்.

பெண்ணுக்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும், எடை 50 கிராம் அளவில் இருக்க வேண்டும், வால் தடித்திருக்க வேண்டும். அது கொழுப்பைச் சேமிப்பது வாலில்தான். முதல் முறை நான் 40 கிராம்கூட இல்லாத பெண்ணைச் சேர்த்துவிட்டேன். இரண்டாம் ஈட்டு முட்டை இடுவதற்குள் அதன் வால் குச்சியாகிவிட்டது. தேற்றி எடுக்க ஐந்து மாதம் பிடித்தது. சமையல் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

சேர்த்துவிட்டதும் ஆண் வாலைப் படபடவென்று அடிக்கும், பெண்ணின் பிடரியைக் கவ்வும். அது இயல்பு. சில நாளில் பிரித்துவிடுங்கள். ஒருமுறை சேர்ந்தாலே போதும், பெண் அந்த விந்தைச் சேமித்து வைத்துப் பலமுறை முட்டையிடும்.

படி 2: முட்டையிடும் பெட்டி

மூன்று, நான்கு வாரத்தில் பெண்ணின் வயிற்றுத் தோல் வழியே இரண்டு முட்டைகள் தெரியும். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே தேங்காய் நார்த்தூளை ஈரமாக்கி வையுங்கள். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது. ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை. இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த ஈடு வரும்.

படி 3: முட்டையை எடுப்பது

முட்டை தோல் போல மெத்தென்றிருக்கும். கிடந்த வாக்கிலேயே எடுத்து, மேல்புறம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி கடைசி வரை மேலேயே இருக்க வேண்டும். உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்; பிறகு புரட்டினால் இறந்துவிடும். பத்து நாள் கழித்து இருட்டறையில் சின்ன டார்ச் அடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பும் மெல்லிய ரத்த நாளங்களும் தெரிந்தால் உயிருள்ள முட்டை.

படி 4: அடைகாத்தல்

இங்கேதான் நம் ஊர் வேறுபடுகிறது. முட்டையை டப்பாவில் வெர்மிகுலைட்டில் (ஈரம் தாங்கும் கனிமத் துகள்) வைக்க வேண்டும். 100 கிராம் வெர்மிகுலைட்டுக்கு 100 கிராம் தண்ணீர் என்பது வழக்கமான கணக்கு. நான் 80 கிராம்தான் ஊற்றுகிறேன். மூடியின் உட்புறம் கோக்கும் நீர்த்துளி முட்டைமேல் விழுந்தால் பூஞ்சை பிடிக்கும். டப்பாவை லேசாகச் சாய்த்து வைத்தால் துளி ஓரமாக வழிந்துவிடும். வாரம் ஒருமுறை திறந்து மூடியைத் துடையுங்கள், காற்றும் மாறும்.

குஞ்சு ஆணா பெண்ணா என்பதை வெப்பமே முடிவு செய்கிறது. 26, 27 டிகிரியில் பெரும்பாலும் பெண், 32.5 அருகே பெரும்பாலும் ஆண். இடைப்பட்ட சூட்டில் இரண்டும் கலந்து வரும். 28 டிகிரியில் ஏறக்குறைய 50 முதல் 60 நாள் ஆகும். பகலில் அறை 31, இரவு ஏர்கான் போட்டால் 24 என்று ஆடுவதுதான் நம் வீட்டுச் சிக்கல். ஏர்கான் இல்லாத, வெயில் படாத அறையில் போலிஸ்டிரீன் பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்களோடு வையுங்கள். சூடு மெதுவாகவே ஏறி இறங்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

படி 5: குஞ்சுகள்

முட்டை வியர்த்தது போலாகி, கீறல் விழும். இழுத்து உதவப் போகாதீர்கள். மஞ்சள் கரு முழுதும் உள்ளே போகும்வரை குஞ்சு அப்படியே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். பிறந்த குஞ்சு சுமார் 3 கிராம்தான். கறுப்பு, மஞ்சள் பட்டையோடு இருக்கும். புள்ளிகள் பிறகுதான் வரும்.

ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா. ஒன்றாக விட்டால் வாலைக் கடிக்கும். மணல் வேண்டாம், விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். சமையலறைத் தாள் விரியுங்கள். ஆழமில்லாத மூடியில் தண்ணீர், ஒரு பக்கம் 31 டிகிரி சூடு, தோல் உரிக்க ஈரமான ஒரு மறைவிடம். முதல் தோல் உரிக்கும்வரை சில நாள் சாப்பிடாது, பதற வேண்டாம்.

பிறகு பறவைக் கடைகளில் முராய்ப் பறவைக்கு விற்கும் செங்கெரிக்கில், அதாவது சிள்வண்டுப் பூச்சியில், பொடிசாகப் பார்த்து வாங்குங்கள். குஞ்சின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. முதல் நாள் பூச்சிக்குக் கீரை போட்டு, கொடுக்கும் முன் கால்சியம் பொடியில் பிரட்டுங்கள். வீட்டுப் பெரியவர்கள் "சுண்ணாம்பும் கால்சியம்தானேப்பா" என்பார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கும், கூடவே கூடாது. தின்னாத பூச்சியை இரவே எடுத்துவிடுங்கள், தூங்கும் குஞ்சைக் கடிக்கும்.

அப்புறம் எறும்பு. சோற்றுப் பானையைத் தண்ணீர்த் தட்டில் வைப்பது போல, டப்பா அடுக்கின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், பல்லி எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

10 கிராம் தாண்டி, தானாக ஓடிப் பிடித்துத் தின்னும் குஞ்சை மட்டும் கொடுப்பேன். பொரித்த தேதி, கடைசி எடை, என்ன தின்கிறது மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒரு பொட்டலம் செங்கெரிக்கும் சேர்த்துத்தான் அனுப்புவேன்.