ஜெர்மன்காரர் நெற்றியில் 35 என்று எழுதியிருக்கவில்லை

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதிக் கம்பெனிகளில் புதிதாகச் சேரும் மெர்ச்சன்டைசர்களுக்கு (ஆர்டர்களைக் கவனிப்பவர்கள்), சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பழகுவது பற்றி வகுப்பு எடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண் தன் பையருடைய போட்டோவை ஒட்டி, பக்கத்திலேயே ஹோஃப்ஸ்டெட் அட்டவணையில் ஜெர்மனிக்கு உள்ள எண்களை எழுதிக்கொண்டு வந்தார். நாடுகளின் பண்பாட்டை எண்களாக ஒப்பிட, ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் போட்ட அட்டவணை அது. எனக்குச் சுருக்கென்றது. நானும் இதையே செய்தவன். கைகுலுக்குவது, விசிட்டிங் கார்டு நீட்டுவதெல்லாம் இரண்டு நாளில் தானாக வந்துவிடும், விடுங்கள். இந்த எண்களை வைத்துக்கொண்டு நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

நாட்டின் எண்ணை ஆளின் தலையில் கட்டுவது

மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை ஒரு சமூகம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு 'அதிகார இடைவெளி' என்று பெயர். எண் கூடினால் ஏற்றத்தாழ்வை இயல்பாக எடுத்துக்கொள்வதும் கூடுதல். இந்தியாவுக்கு 77, ஜெர்மனிக்கு 35. முன்பு ஒரு ஜெர்மன் பையர் எங்கள் கம்பெனிக்கு சாம்பிள் பார்க்க வந்த அன்று நான் போட்ட கணக்கு: பையர் ஜெர்மன்காரர், குறை இருந்தால் பட்டென்று சொல்லிவிடுவார். எங்கள் கட்டிங் மாஸ்டர் முதலாளி முன்னால் வாயே திறக்கமாட்டார், அவரை எதற்கு மீட்டிங்கில் உட்காரவைப்பது?

பையர் சாம்பிள் ஷூவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடது கால், வலது கால், மறுபடி இடது கால். தலையாட்டினார். காபி குடித்தார், கிளம்பிவிட்டார். பத்து நாள் கழித்து ஆர்டர் இல்லை என்று மெயில். ஒரு ஜோடிக்குள்ளேயே நிறம் மாறியிருக்கிறதாம்.

மாஸ்டரிடம் காட்டினேன். "இடதும் வலதும் வேற வேற தோல்ல வெட்டினது தம்பி. காலையிலயே பார்த்தேன். கூப்பிட்டிருந்தா முதலாளி முன்னாடியே சொல்லியிருப்பேனே" என்றார். மீட்டிங் நடந்தபோது மனிதர் வராண்டாவில்தான் நின்றிருக்கிறார்! இரண்டு பேர் விஷயத்திலும் என் கணக்கு தப்பு.

அந்த எண் நாட்டை நாட்டோடு ஒப்பிடுவதற்காகக் கட்டியது. ஒரு நாட்டில் பதில் சொன்ன அத்தனை பேரையும் சராசரியாக்கி எடுத்தது. தனி ஆளை இதைக்கொண்டு அளக்கக்கூடாது என்று ஹோஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். வேலூர் வெயிலைக் கேள்விப்பட்டு ஏலகிரிக்குப் போர்வை இல்லாமல் போய்ப் பாருங்கள். இரண்டும் பழைய வட ஆற்காடுதான்.

அந்தப் பெண்ணிடம் எண்களை அழிக்கச் சொல்லவில்லை, போட்டோவை எடுத்துவிடச் சொன்னேன்.

பெரிய எண் நல்லது என்று நினைப்பது

மார்க் ஷீட் இல்லை இது.

இரண்டு அட்டவணைகளைக் கலப்பது

குளோப் என்ற ஆய்வு 62 சமூகங்களில் மேலாளர்களிடம் 'இப்போது எப்படி இருக்கிறது', 'எப்படி இருக்க வேண்டும்' என்று தனித்தனியாகக் கேட்டது. 'நிச்சயமின்மைத் தவிர்ப்பு' (அடுத்து என்ன என்று தெரியாத நிலையைச் சமூகம் எப்படி எதிர்கொள்கிறது என்பது) என்ற பெயர் அதிலும் உண்டு, ஹோஃப்ஸ்டெட்டிடமும் உண்டு. பெயர்தான் ஒன்று, அளக்கும் விஷயம் வேறு. ஒரே எக்செல் ஷீட்டில் போடாதீர்கள்.

யாரைக் கேட்டார்கள் என்று பார்க்காதது

ஹோஃப்ஸ்டெட்டின் அடித்தளம், 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. கம்பெனி ஒன்றே என்பதால் நாடுகளை ஒப்பிட வசதி, சரி. 1980இல் வந்த புத்தகத்தில் 40 நாடுகள், இந்தியாவும் உண்டு. ஐபிஎம்மோ 1978லேயே இந்தியாவை விட்டுப் போயிருந்தது. அந்தக் காலத்து கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் சொன்ன பதிலை, இன்று ஆம்பூரில் மெஷினில் ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைக்கும் பெண்களுக்கு அப்படியே போட்டுப் பார்க்கிறோம்.