ட்ராக் டேவுக்குக் காரைத் தயார் செய்யும்போது வெப்பம் குறித்து நாம் செய்யும் தவறுகள்

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். நேர்பாதையில் 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட ஒரு கார், வளைவு வருவதால் 60-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநரையும் சேர்த்து எடை 1,200 கிலோ. அதற்கு ஆகும் நான்கு விநாடிகளில் கார் இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ பத்து லட்சம் ஜூல். குழாயில் பிடித்த மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் பெரும்பங்கு, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்குகளுக்குள் இறங்குகிறது. டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப்பார்க்கும் நாள்தான் ட்ராக் டே. முதன்முறை அதற்கு வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, “பெரிய ரேடியேட்டர் போடலாமா?” என்பதுதான். “பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்?” என்று நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு அது நினைவில் இருப்பதில்லை. வெப்பத்தை இல்லாமல் ஆக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். அது எங்கே பிறக்கிறது, எந்த வழியாக நகர்கிறது, எங்கே காரை விட்டு வெளியேறுகிறது என்று பார்க்காமல் பாகங்களை வாங்கி மாட்டுவதிலிருந்தே மற்ற தவறுகளும் தொடங்குகின்றன.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண்ணால் குறிப்பார்கள். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260 என்பது தர விதி. நான்கு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் கலந்தாலே இந்த அளவுகள் 140, 155, 180 என்று சரிந்துவிடுகின்றன. சென்னையின் கடற்கரைக் காற்றில் இரண்டு ஆண்டுகள் ஓடிய காரில் இருக்கும் ஆயிலை நம்பித் தடத்தில் இறங்கவே கூடாது. என் முதல் ட்ராக் டேயில் இரண்டாவது முறை இறங்கியபோது, நான்காம் சுற்றில் பெடல் அப்படியே தரைவரை போனது. டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகியிருந்தது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால் என் கால் கொடுத்த அழுத்தம் ஆவியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிட்டது. ஓரத்தில் மண்பரப்பு அகலமாக இருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ட்ராக் டேவுக்கு முந்தைய வாரமும் புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக் குழாய்களிலும் சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் கிளம்புகிறேன். தெருவில் ஓட்டும் காருக்கு நல்ல டாட் 4 அல்லது 5.1 போதும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. 5.1-இன் தம்பி என்று எண்ணி அதை ஊற்றிவிடாதீர்கள்; அது மற்றவற்றோடு கலக்காது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு கோளாறு உண்டு. பெடல் கல்லைப் போல உறுதியாக இருக்கிறது, ஆனால் கார் நிற்கவில்லை என்றால், குற்றம் ஆயிலில் இல்லை, டிஸ்க்கில் அழுந்தி உராயும் பேடில் இருக்கிறது. சாதாரண பேடின் பிசின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது உராய்வு குறைந்துவிடும். பெடல் தாழ்ந்தால் ஆயில், உறுதியாக இருந்தும் பிடிக்காவிட்டால் பேடு. இந்த வேறுபாடு தெரியாமல், பேடை மட்டும் மாற்றிவிட்டு மறுபடியும் பழைய ஆயிலோடு இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. அதற்காக முழுப் பந்தய பேடை வாங்கி அதிலேயே வீடு திரும்பவும் வேண்டாம். குளிர்ந்த நிலையில் அது சரியாகப் பிடிக்காது. முதல் சிக்னலிலேயே அது தெரியும்.

டிஸ்க்குக்குக் காற்று கொண்டுவரக் குழாய் பொருத்துகிறவர்கள் அதன் வாயை டிஸ்க்கின் வெளிமுகத்தை நோக்கி வைப்பதுண்டு. நடுவில் இடைவெளி உள்ள டிஸ்க், மையத்திலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வீசும் விசிறி. காற்றை மையத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் அடித்தால் ஒரு பக்கம் ஆறும், மறுபக்கம் கொதிக்கும். டிஸ்க் கோணிக்கொள்ளவும் விரிசல் விடவும் அதுவே வழி. அழகுக்காகத் துளையிட்ட டிஸ்க்குகளிலும் துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

இனி இன்ஜின். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டுக்கும், மற்றொரு பங்கு சைலன்சருக்கும் போகிறது. சாலையில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிப்பது எப்போதாவது, அதுவும் சில விநாடிகள். தடத்தில் ஒரு சுற்றின் பெரும்பகுதி அப்படித்தான் ஓடுகிறது. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சுற்று 2.1 கிலோமீட்டர்தான், வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் பிரேக்குக்கும் ஓய்வு குறைவு, ரேடியேட்டருக்கு வேகமான காற்று கிடைக்கும் நேரமும் குறைவு.

சூடு ஏறுகிறது என்றதும், கூலண்ட் சூடானபின் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் வெகுகாலமாக இருக்கிறது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றிப்போகும் குறுக்குவழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் குறுக்குவழி திறந்தே கிடக்கும்; சூடான கூலண்டில் ஒரு பகுதி ஆறாமலேயே இன்ஜினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை, முழு வேகத்தில் சூட்டைக் கூட்டிவிடும். பழுதானால் புதிது போடுங்கள், கழற்றாதீர்கள். ரேடியேட்டர் மூடியையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. அந்த மூடியின் ஸ்பிரிங் தாங்கும் அழுத்தத்தால்தான் கூலண்டின் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி 20 டிகிரிக்கும் மேல் உயர்கிறது. ரப்பர் தேய்ந்த மூடியோடு எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் பயனில்லை.

கூலண்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் நன்றாகக் குளிரும் என்பது தலைகீழான எண்ணம். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் சிறந்தது. கூலண்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் அதைவிடக் குறைவாகவே சுமக்கும். கொதிநிலையை உயர்த்துவதும் உறைவதைத் தடுப்பதும் கிளைக்காலின் வேலை, துருவைத் தடுப்பது அதோடு சேர்ந்த மருந்துகளின் வேலை. உறைபனியே இல்லாத நம் ஊரில், கார் தயாரிப்பாளர் அனுமதிக்கும் வரம்புக்குள் தண்ணீரின் பங்கைக் கூட்டலாம். ஆனால் அது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்தால், கூலண்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே சுவர் எழுப்பியது போலாகும்.

காற்றின் வழியைப் பற்றி யாரும் போதிய அக்கறை எடுப்பதில்லை. காற்று சோம்பேறி, எளிய வழி கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையவே நுழையாது. பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே பக்கவாட்டில் கை நுழையும் இடைவெளி இருந்தால் நிறையக் காற்று அப்படியே ஓடிவிடும். அதை அலுமினியத் தகட்டாலும் அடர்ந்த ஃபோமாலும் அடைக்க ஆகும் செலவு மிகக் குறைவு. பலன், விலை உயர்ந்த ரேடியேட்டருக்குச் சமம் என்றே சொல்வேன். அதேபோல இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினால் காற்று நன்றாகப் போகும் என்று நம்புகிறார்கள். நடப்பது வேறு. கீழிருந்து காற்று புகுந்து இன்ஜின் அறையின் அழுத்தம் உயர்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் காற்று அதன் வழியே பாயும்.

பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடுவதும் இதே வகைத் தவறு. நின்றுகொண்டிருக்கும் காரில் அந்த இடைவெளி வழியாகச் சூடு எழுவது கண்ணுக்குத் தெரியும், அதனால் நம்பிவிடுகிறோம். வேகம் ஏறியதும் முன்கண்ணாடியின் அடியில் காற்று முட்டி அழுத்தம் கூடுகிறது. இடைவெளி வழியாகக் காற்று உள்ளே புகத் தொடங்குகிறது. சூட்டை வெளியேற்ற பானெட்டில் திறப்பு வேண்டுமென்றால் அது ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பகுதியில், அழுத்தம் குறைந்த இடத்தில் இருக்க வேண்டும். வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு: சிறு நூல்துண்டுகளை அங்கங்கே ஒட்டி, பக்கத்தில் வரும் காரிலிருந்து நண்பரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். காற்று சீராக வழுக்கிப் போகும் இடத்தையும் முட்டிக் குழம்பும் இடத்தையும் நூல் காட்டிக்கொடுக்கும்.

டேஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் முள்ளை நம்புவது அடுத்த தவறு. பல கார்களில் கூலண்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105-இல் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அது நகரத் தொடங்கும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். காரின் கணினியோடு இணைக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சிறிய கருவியும் ஒரு செல்பேசியும் இருந்தால் உண்மையான எண்ணைப் பார்க்கலாம். இன்னொரு கண்ணி: கூலண்ட் முழுவதும் ஒழுகிப்போனால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், அளவு குறைவாகக் காட்டும். எண் திடீரென்று விழுந்தால் மகிழ வேண்டாம், உடனே வேகத்தைக் குறைத்து, தடத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்தும் பிட்டுக்குத் திரும்புங்கள். சூடு மெல்ல ஏறும்போது ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுவதும் திறந்தால் அது இரண்டாவது ரேடியேட்டராக உதவும். உங்களுக்கு வேதனைதான், இன்ஜின் பிழைக்கும்.

இன்ஜின் ஆயில் கூலண்டைவிட மெதுவாகச் சூடாகி, மெதுவாகவே ஆறும். முதல் சுற்றிலேயே முழு வேகம் வேண்டாம். 100 முதல் 120 டிகிரி வரை ஆயிலுக்கு இயல்பு. 130-ஐத் தாண்டினால் ஓய்வு கொடுங்கள். கூம்பு வடிவ ஏர் ஃபில்டரை இன்ஜின் அறைக்குள் திறந்து வைத்தால் சத்தம் கூடும், ஆனால் அது உறிஞ்சுவது வெந்த காற்று. காற்று 3 டிகிரி சூடானால் அடர்த்தி ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும். சைலன்சர் குழாயில் சுற்றும் துணியில் ஆயில் சொட்டி ஊறினால் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உலோகத் தடுப்புத் தகடே பாதுகாப்பானது.

காருக்கு இவ்வளவு செய்கிறவர்கள் தங்களை மறந்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. மே மாத வெயிலில், தடித்த உடையும் ஹெல்மெட்டும் அணிந்து, ஏ.சி. இல்லாமல் இருபது நிமிடம் ஓட்டும்போது உடல் இழக்கும் நீரும் உப்பும் கொஞ்சமல்ல. தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். காலையிலிருந்தே தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் குடித்துக்கொண்டிருங்கள். தலை கிறுகிறுத்தாலோ, வியர்வை நின்றுபோனாலோ, பிரேக் பிடிக்கும் இடம் சுற்றுக்குச் சுற்று தள்ளிப்போனாலோ இறங்கிவிடுங்கள்.

ஓட்டம் முடியும்போதும் கவனம் வேண்டும். கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். டர்போ உள்ள காரை உடனே அணைக்க வேண்டாம். பிட்டில் நின்றதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பெடலையும் மிதித்தபடி நிற்காதீர்கள். கொதிக்கும் பேடு டிஸ்க்கில் அழுந்தினால் அதே இடத்தில் தடம் பதிந்து, பிறகு பிரேக் அதிரும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். பானெட்டைத் திறக்கலாம், ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

டயரில் காற்று, ஓடி முடித்த சூட்டிலேயே ஆறு ஏழு பிஎஸ்ஐ கூடியிருக்கும். அதைக் கணக்கிட்டுக் காலையில் குறைத்து வைத்திருப்பீர்கள், நடுவிலும் கொஞ்சம் இறக்கியிருப்பீர்கள். மாலையில் டயர் ஆறியதும் அது சாலைக்குத் தேவையான அளவைவிடக் குறைந்துவிடும். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன், முதலில் கண்ணில் படும் பெட்ரோல் பங்கில் நான்கு டயருக்கும் காற்று நிரப்பிக்கொள்ளுங்கள்.