பந்தயப் படகின் பாய்மரத்தை இறக்கி ஏற்றுவது: கரைப்பேச்சும் கைவேலையும்

பந்தயப் படகு ஒன்றின் பாய்மரம் விழுந்தால், படகு கரை வந்து சேரும் முன்பே காரணம் வந்து சேர்ந்துவிடும். ஆடிக் காற்று முறித்துவிட்டது என்பார்கள், மட்டமான மரம் என்பார்கள், கண் பட்டுவிட்டது என்பார்கள். நான் உவரிக்காரன். பம்பாயில் பந்தயப் படகுகளுக்கு மரம் கட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். தூத்துக்குடிப் பக்கம் தெரிந்தவர்களின் படகுகளுக்கு இப்போதும் மரம் ஏற்றி இறக்கித் தருகிறேன். மரம் விழுந்தால் அதைப் பிடித்து நின்ற கம்பிகளையும், கம்பியைப் படகோடு மாட்டும் ஊசியையும்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

அங்கே ஒருவருடைய 24 அடிப் படகு, பெரிய காற்று எதுவும் இல்லாத நாளில் மரத்தை இழந்தது. டீக்கடையில் ‘டூப்ளிகேட் கார்பன்’ என்று பேச்சு, கார்பன் இழையில் செய்த போலி மரமாம். அதுவோ அலுமினிய மரம். பக்கக் கம்பி தளத்தோடு பிணையும் தகட்டைப் போய்ப் பார்த்தேன். துளை வட்டம் குலையாமல் இருந்தது. இழுவை தாங்காமல் ஊசி அறுந்திருந்தால் துளை நீண்டிருக்கும், அறுந்த துண்டாவது கிடைத்திருக்கும். இங்கே ஊசி முழுசாக நழுவி வெளியே வந்திருக்கிறது. அது நழுவாதபடி முனையில் மாட்ட வேண்டிய இரட்டைக் கால் கம்பியான ஸ்பிளிட் பின் இல்லை. சில ரூபாய்ச் சாமான் அது.

ஆகவே முதல் வேலை இதுதான். மரம் ஏற்றும்போதெல்லாம் ஸ்பிளிட் பின் புதிதாகப் போடுங்கள். வளைத்ததை நிமிர்த்தி மறுபடி போட்டால் வளைந்த இடத்தில் உடையும். இரண்டு காலையும் லேசாக விரித்தால் போதும். முழுக்கச் சுருட்டி வைத்தால், அவசரத்தில் பிடுங்க வராது. மேலே டேப் சுற்றிவிடுங்கள், பாயையும் காலையும் கிழிக்காது.

அடுத்த பேச்சு, ‘எஸ்.எஸ். கம்பி துருப்பிடிக்காது’ என்பது. உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே இதை நம்புகிறார்கள்! எஸ்.எஸ்.ஸைக் காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய படலம். அது நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். கம்பியின் முனையை இறுக்கி அழுத்திய குழலுக்குள் உப்புத் தண்ணீர் தேங்கும், காற்றுப் போகாது. அங்கேதான் அரிப்பு தொடங்கும். வெளியே பளபளவென்று இருக்கும். பந்தயப் படகுகளில் பெரும்பாலும் 19 இழைக் கம்பிதான். குழல் வாயில் பழுப்புக் கசிவு தெரிந்தாலோ, ஓர் இழை அறுந்திருந்தாலோ அந்தக் கம்பியை மாற்றிவிடுங்கள். ஒரு துணியைச் சுற்றிக் கம்பி நெடுக உருவினால் அறுந்த இழை துணியில் மாட்டும். தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக இருந்த என் பெரியப்பா பாய் ஏற்றும் முன், பாயை மேலே இழுக்கும் ஆஞ்சான் கயிறு முழுவதையும் கையால் தடவிப் பார்ப்பார். நூல் பிரிந்த இடம் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரியும் என்பார். எஸ்.எஸ். கம்பியில் மட்டும் வெறுங்கை வேண்டாம், இழை குத்திக் கிழித்துவிடும்.

சரி, இறக்கும் வேலைக்கு வருவோம். வாடைக்கு முன் மரத்தை இறக்கிவிடுவது நல்லது. கடற்காற்று எழும் முன், காலையிலேயே தொடங்குங்கள். நான்கு பேராவது வேண்டும், ஒருவர் மட்டும்தான் பேச வேண்டும். பாய்களையும், பாயின் அடிப்பக்கத்தைப் பிடிக்கும் கட்டையான பூமையும் கழற்றிவிட்டு, மரத்துக்குள் போகும் மின் வயர்களைப் பிரியுங்கள். வயரை மறந்து மரத்தைச் சாய்த்து அறுத்துக்கொண்டவர்கள் பலர்.

மரத்தின் அடியில் கதவுக்கு இருப்பது போன்ற கீல் இருந்தால் ஆட்களே பின்பக்கமாகச் சாய்த்துவிடலாம். முன்கம்பியைக் கழற்றும் முன் ஆஞ்சானைப் படகின் முன்முனையான அணியத்தில் கட்டி இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஊசியை உருவிய நொடியில் மரம் உங்கள் கையில் இல்லை. பாதி சாய்ந்தபின் அந்தக் கயிறு கிட்டத்தட்டப் படுத்துவிடும், பிடித்து நிறுத்த வலு கிடைக்காது. அதற்குத்தான் கழற்றிய பூமை மரத்தடியிலிருந்து முன்னோக்கி நீட்டிக் கட்ட வேண்டும். ஆஞ்சானை அதன் நுனிக்கு மாற்றி, நுனியிலிருந்து கப்பிக் கயிற்றை அணியத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பூம் பக்கவாட்டில் சாயாதபடி இரண்டு பக்கமும் கயிறு வேண்டும்.

பக்கக் கம்பிகள் மரத்தடிக்குப் பின்னால் பிணைந்திருந்தால், மரம் சாயச் சாயத் தளர்ந்துகொண்டே போகும், மரம் ஒரு பக்கம் சரியப் பார்க்கும். ஆகவே மரத்துக்கும் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கயிறு பிடிக்கட்டும். பின்னால் தாங்குபவர் மரத்தின் நேர் கீழே நிற்கக் கூடாது. ‘கையால பிடிச்சுரலாம் அண்ணாச்சி’ என்று எந்தத் தம்பி சொன்னாலும் விடாதீர்கள்.

மரம் தளத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் படகென்றால் கிரேன்தான். தூக்கும் பட்டையை எடை சமன்படும் இடத்துக்கு மேலே, பக்கக் கம்பிகளை விலக்கிப் பிடிக்கும் குறுக்குக் கொம்பான ஸ்பிரெடருக்குக் கீழே கட்டுங்கள். அடிமரத்தில் ஒரு கயிறு போட்டு ஒருவர் பிடிக்கட்டும்.

தூக்குவதற்கு முன் தலைக்கு மேலே பாருங்கள். கார்பன் மரம் ‘பிளாஸ்டிக் மாதிரி, ஷாக் அடிக்காது’ என்று சொல்பவர்களை நானே கேட்டிருக்கிறேன். இது ஆளைக் கொல்லும் பேச்சு. கார்பனில் மின்சாரம் பாயும், அலுமினியத்தில் சொல்லவே வேண்டாம். நெல்லையப்பர் தேர் ஓடும் நாளில் ரத வீதிகளில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். மரம் நிற்கும் படகை டிரெய்லரில் ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள்.

மரத்தடியில் காசு வைப்பது பழைய வழக்கம். 1962இல் லண்டனில் தேம்ஸ் ஆற்றில் கிடைத்த ரோமானியக் கப்பலில், பாய்மரத்தின் அடி பொருந்தும் குழியில் டொமிஷியன் என்ற ரோமப் பேரரசர் காலத்துக் காசு இருந்தது. நீங்களும் வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அலுமினியத்தோடு செம்போ பித்தளையோ உப்புத் தண்ணீரில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும். காசை எபாக்சிக்குள் புதைத்து, தண்ணீர் வடியும் துளையை அடைக்காமல் வையுங்கள்.

கம்பியை முறுக்க முறுக்க வேகம் கூடும் என்பதும் தவறு. அளவுக்கு மீறி இறுக்கினால் மரத்தடியும் தளமும்தான் அந்தச் சுமையை வாங்கும். படகு செய்தவர்கள் கொடுத்த அளவை, டென்ஷன் கேஜ் வைத்துப் பிடியுங்கள்.

2018இல், தனியாளாகப் பாய்ப்படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில், அப்போது நம் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமியின் ‘துரியா’ தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் மரத்தை இழந்தது. நம் ஊரில் கட்டிய படகு என்பதால்தான் என்று இங்கேயே சிலர் பேசினார்கள். அதே புயலில் அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்கின் படகும் மரத்தை இழந்தது. அந்தப் பந்தயத்தில் மொத்தம் 5 படகுகளுக்கு அந்தக் கதி. முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்த டோமியை, செப்டம்பர் 24 அன்று ‘ஓசிரிஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

உங்கள் மரம் கடலில் விழுந்தால் முதலில் ஆட்களை எண்ணுங்கள். அப்புறம் மரத்தைப் பாருங்கள். அலையில் முறிந்த முனை படகின் வயிற்றில் இடித்துக்கொண்டிருந்தால் மரத்தின் விலையை நினைக்காமல் ஊசிகளைத் தட்டி எடுங்கள்; வராவிட்டால் கம்பியை வெட்டுங்கள். போல்ட் கட்டரும் ஹேக்ஸாவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீரில் கிடக்கும் கயிறுகள் எல்லாம் மேலே வந்த பிறகுதான் இன்ஜினைத் தொட வேண்டும். ஆண்டெனா மரத்தோடு போயிருக்கும், ஆகவே கையில் பிடிக்கும் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். போன் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல் படையின் 1554. மரம் போன படகு முன்பைவிட வெடுக்கு வெடுக்கென்று உருளும், எல்லோரையும் உட்கார வையுங்கள்.