‘டிட்’ வந்தால் ‘கேம்’ வராது

நேற்று ஏன் லீவு என்று மேனேஜர் கேட்டதும் ‘ஐ டிட் நாட் கேம் சார்’ என்று வாயில் வந்துவிடுகிறதா? தமிழையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள், பிடிபட்டுவிடும். ‘வந்தேன்’ என்கிறோம், ஆனால் ‘வந்தவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை, ‘வரவில்லை’தான். இல்லை என்று சொல்லும்போது ‘வந்த’ போய் வெறும் ‘வர’ நிற்கிறது. ஆங்கிலத்திலும் அதேதான்: ஐ கேம், ஐ டிட் நாட் கம். காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொள்வதால் வினை தன் மாறாத மூல உருவத்துக்குத் திரும்பிவிடும். கேள்வியும் அப்படியே, ‘டிட் யூ ஈட்?’ சரி, ‘டிட் யூ ஏட்?’ தப்பு.

அப்புறம், வாக்கியம் முழுசாக இருக்க வேண்டும். ‘சாப்பிட்டேன்’ என்ற ஒரே சொல்லில் யார் என்பதும் வந்துவிடுகிறது, கடைசி ‘ஏன்’ அதைச் சொல்லிவிடும். ஆங்கில ‘ஏட்’ எனக்கும் உங்களுக்கும் ஊருக்கே ஒன்றுதான், அதனால் ‘ஐ’ போட்டே ஆக வேண்டும். ‘அக்கா டீச்சர்’ என்றால் நமக்கு முழு வாக்கியம், ஆங்கிலத்தில் நடுவில் ‘இஸ்’ இல்லாமல் நிற்காது: மை சிஸ்டர் இஸ் எ டீச்சர். முன்பு டீச்சராக இருந்தார் என்றால் ‘வாஸ்’. ஐ, ஹீ, ஷீ, இட் இவற்றுக்கு வாஸ். யூ, வீ, தே வந்தால் வேர்.

உச்சரிப்பில் ஒன்று மட்டும்: ‘வாக்’ என்பதன் இறந்தகாலம் ‘வாக்கெட்’ இல்லை, ‘வாக்ட்’. வினை ‘வான்ட்’ போல t ஒலியிலோ ‘நீட்’ போல d ஒலியிலோ முடிந்தால்தான் ‘வான்டட்’, ‘நீடட்’ என்று ஓர் அசை கூடும்.

வென்ட், பாட், டுக் என்று ஒழுங்கில்லாமல் மாறுபவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யும்படி நான் சொல்லமாட்டேன். செய்தேன், நடந்தேன், ஓடினேன் என்று நம் வினைகளும் விதவிதமாகத்தான் மாறுகின்றன, எதையும் உட்கார்ந்து நெட்டுரு போடவில்லையே, பேசிப் பேசித்தானே வந்தது! ராத்திரி படுக்கும் முன் அன்று நடந்ததை மூன்றே வரி எழுதுங்கள், ஒன்று நடந்தது, ஒன்று நடக்காதது, ஒன்று கேள்வி:

ஐ பாட் மில்க்.
ஐ டிட் நாட் பை கர்ட்.
டிட் ஐ பே ஹிம்?

எழுதியதைச் சத்தமாகப் படித்துவிட்டு, ‘பாட்’ எந்த இடத்தில் ‘பை’ ஆனது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள்.