நெல் விற்கும்போது விலையோடு கழிவையும் பேசுங்கள்

வன்னியில் காலபோக (பெரும்போக) நெல் எல்லோருக்கும் ஒரே கிழமைகளில் அறுவடைக்கு வரும். வெட்டு மெசினுக்குக் காசு கொடுக்க வேண்டும், காயவிடத் தளம் இல்லை, மழை வேறு இருட்டிக்கொண்டு நிற்கும். இந்த அவசரம் தெரிந்துதான் வியாபாரி வருகிறார். கிலோவுக்கு ஒரு ரூபா கூட்டித் தருவதாகச் சொல்லி, 70 கிலோ மூடையில் மூன்று கிலோ கழிப்பார். கிலோ 120 ரூபா என்றால் கூடக் கிடைப்பது 67 ரூபா, போவது 360.

ஆகவே இரண்டையும் மூடை கட்ட முன்னமே சேர்த்துப் பேசுங்கள்.

ஈரத்துக்குக் கழிப்பது நியாயம்தான், ஆனால் அதற்குக் கணக்கு உண்டு. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை ஏற்கும் ஈர அளவு 14 வீதம், அதாவது நூறில் ஈரம் போக 86. உங்கள் நெல் 17 வீதம் என்றால் ஈரம் போக 83. அந்த 83ஐ 86ஆல் பிரித்து மூடையின் நிறையால் பெருக்கினால் காசு தர வேண்டிய நிறை வரும், மிச்சம்தான் கழிவு. 70 கிலோவுக்குக் கழிவு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, அவ்வளவுதான். ஈரமானியை அவர்கள் கொண்டுவந்தால் நிலத்தோடு கிடந்த மூடையின் அடியில் மட்டும் எடுக்க விடாதீர்கள். ஐந்தாறு மூடைகளில் எடுத்துக் கலந்து அளக்க வேண்டும்.

உரப்பைக்கும் சணல் சாக்குக்கும் ஒரே கழிவு என்பார்கள். பத்து வெறும் உரப்பைகளைத் தராசில் போட்டு, சணல் சாக்கைவிட எவ்வளவு பாரம் குறைவு என்று காட்டினால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

தராசு மண்ணில் சரிந்து நிற்கக்கூடாது, பலகை போடுங்கள். ஐந்து கிலோவுக்குச் சரியாகக் காட்டும் தராசு எழுபதுக்குப் பிழைக்கலாம். அதனால் பிரிக்காத 50 கிலோ யூரியாப் பையை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூடை இறக்கியதும் பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். 68.7ஐ 68 என்று எழுதுவது இன்னொரு வேலை. சராசரி அரைக் கிலோ போனாலும் 100 மூடையில் 6,000 ரூபா.

மூடை எல்லாம் கட்டி, லொறியும் வந்த பிறகு, "அண்ணை, முதலாளி இந்த விலைக்கு ஒத்துக்கொள்ளுறார் இல்லை" என்று தரகர் போனைக் காட்டுவார். பொழுதுபடுகிற நேரம் பார்த்துத்தான் இது நடக்கும். வேறு இரண்டு ஆலைகளின் விலையை அன்று காலையே கேட்டு வைத்திருங்கள். லொறியைக் காலையில் வரச் சொல்லுங்கள். விலை இறங்கினால் ஏற்றுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

"மிச்சம் நாளைக்கு" என்றால், காசு வந்த அளவுக்கு மட்டும் மூடை ஏற்றுங்கள்.